ஆறு குத்துக்கு நாலு

ஒரு சிறுநீரகத்தின் விலை: ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்த பிறகு பேரம் பேசக் கூடாது. அவ்வளவுதான். என் சித்தி தன்னுடைய இடது சிறுநீரகத்தை என் சித்தப்பாவுக்குக் கொடுத்தபோது கேட்டது இந்த ஒரே விலையைத்தான்.

முதலில் அவள் கேட்டது இதைவிடப் பெரிய விலை. ஆயுசுக்கும், எங்கேயும், யாரிடமும் பேரமே பேசக் கூடாது என்றாள். சித்தப்பா தோல் வியாபாரி. மார்க்கெட்டில் அவருக்கு ‘முக்கால்’ என்று பெயர். யார் என்ன விலை சொன்னாலும் அதில் முக்காலிலிருந்துதான் வாயைத் திறப்பார். ஆயுசுக்கும் என்றால் கட்டுப்படியாகாது என்று, டயாலிசிஸ் குழாய் கையில் தொங்கத் தொங்க அரைமணி நேரம் பேசி, ஆஸ்பத்திரி வாசலோடு பேச்சை முடித்துவிட்டார். கட்டின பெண்டாட்டியின் உறுப்புக்கே விலை குறைத்த மனுஷன் என்று மண்டியில் இன்றைக்கும் அவரைப் பற்றி மரியாதையோடு பேசிக்கொள்கிறார்கள்.

நானும் அதே மண்டியில் தோல் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள்தான். பிறகு மருந்தியல் படித்து, சித்தப்பாவுக்கு அறுவை நடந்த இதே ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை இல்லை. நோயாளியின் உடம்புக்குள் போன மருந்து அளவாக இருக்கிறதா, கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று கணக்குப் போட்டு டாக்டருக்குச் சொல்லும் வேலை.

மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு கடைசிவரை அந்நியச் சரக்காகத்தான் பார்க்கும். எப்போது வெளியே தள்ளலாம் என்று நேரம் பார்த்துக்கொண்டே இருக்கும். அதை அடக்கி வைக்க ஒரு மருந்து உண்டு. காலை ஆறு மணிக்கு ஒரு வேளை, மாலை ஆறு மணிக்கு ஒரு வேளை. அளவு குறைந்தால் உடம்பே சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூடினால் மருந்தே கெடுக்கும். இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால், எந்தப் பக்கம் தவறினாலும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான்: ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும். வைத்தியம் மட்டும் நேர் எதிர். ஒன்றுக்கு மருந்தை ஏற்ற வேண்டும், மற்றதற்கு இறக்க வேண்டும்.

அறுவை முடிந்து நாலாவது மாதம் சித்தப்பாவுக்குக் கிரியாட்டினின் ஏறியது. ஏன் என்று பார்க்க டாக்டர் அவரை வார்டில் சேர்த்து, ஒரு நாள் முழுக்க ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஆறு குத்து. காலை ஆறு மணிக்கு மருந்து விழுங்குவதற்கு முன் ஒன்று. பிறகு ஏழு, எட்டு, பத்து, பன்னிரண்டு, மதியம் மூன்று. மாலை ஆறு மணிக்குத் தனியாகக் குத்த வேண்டியதில்லை. ஒரே அளவில் தினமும் சாப்பிடுகிறவருக்குக் காலை ஆறு மணி அளவுதான் மாலை ஆறு மணிக்கும் இருக்கும்.

எதற்கு இத்தனை குத்து என்று கேட்பவர்களுக்கு நான் தோலைத்தான் உதாரணம் சொல்வேன். மருந்து விழுங்கியதும் ரத்தத்தில் அது ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு மெதுவாக இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்தால், கோட்டுக்கு அடியில் விழும் பரப்புதான் பன்னிரண்டு மணி நேரத்தில் உடம்பு அனுபவித்த மொத்த மருந்து. முழுக் கோட்டை எவரும் பார்த்ததில்லை. நமக்குக் கிடைப்பது அங்கங்கே சில புள்ளிகள். விரித்துப் போட்ட மாட்டுத் தோலும் அப்படித்தான். ஒரு ஓரமாவது நேராக இருக்காது, ஆனால் விற்பது பரப்புக் கணக்கில். அதனால் மண்டியில் என் அப்பா குறுக்கே இடம் விட்டு இடம் விட்டு அளவுகோலை வைப்பார். அடுத்தடுத்த இரண்டு அளவுகளைக் கூட்டிப் பாதியாக்கி, நடுவில் உள்ள தூரத்தால் பெருக்குவார். பட்டை பட்டையாக எல்லாவற்றையும் கூட்டினால் தோல். சரிவக முறை என்று கல்லூரியில் இதையே கரும்பலகை நிறைய எழுதினார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாலை நாலு மணிக்கு சித்தப்பாவின் முடிவு என் கணினித் திரைக்கு வந்தது. கடைசியில் சிவப்பு எழுத்தில் பரப்பு: 120. இருக்க வேண்டியது 130-க்கும் 160-க்கும் நடுவில்.

மூச்சு விடுவதற்குள் போன் அடித்தது. சிறுநீரக டாக்டர்.

“பாத்தீங்களா? நூத்தி இருபது.”

“இப்பதான் பாக்கறேன் டாக்டர்.”

“கிரியாட்டினின் ஏறுது, மருந்து பத்தல. ரெண்டும் ஒண்ணையேதான் சொல்லுது. உடம்பு ஏத்துக்கல. ஆறு மணி டோஸை ஒண்ணரை மடங்கா எழுதறேன். கூடவே எதிர்ப்ப அடக்கற ஸ்டீராய்டு ஊசியும் ஆரம்பிச்சிடலாம். உங்க சித்தப்பாங்கறதால நானே கூப்பிட்டுச் சொல்றேன், மனச விட்டுடாதீங்க.”

நல்ல மனிதர். அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை, அந்த 120 நிஜமாக இருந்தால்.

போனை வைத்துவிட்டுத் திரையை மறுபடி பார்த்தேன். ஆறு எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தன. காலை ஆறு மணிக்கு 7. ஒன்பதுக்கு 15. பன்னிரண்டுக்கு 10. மூன்றுக்கு 8. கணினிக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை; நாலு கொடுத்தால் நாலை வைத்துக் கோடு போடும், இரண்டு கொடுத்தால் இரண்டை வைத்துப் போடும். நான் அந்த நேரங்களை விரல் வைத்து மறுபடி படித்தேன். நரம்பு கிடைக்காமல் குத்து தவறினால் தாறுமாறாகத்தான் தவறும். இது கத்தரித்து வைத்த மாதிரி மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. இவ்வளவு நியாயமாகப் பங்கு பிரிப்பது நோயின் வேலை இல்லை, நர்ஸின் வேலையும் இல்லை. இது வியாபாரியின் கை.

ஒரு தாளில் வரைந்தேன். ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே கணினி போட்ட நேர்கோடு, 7-இலிருந்து 15-க்குச் சாதுவாக ஏறிப் போனது. ஆனால் இந்த மருந்து உச்சிக்குப் போவது அந்த இடைவெளிக்குள்தான், ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள். அங்கே அது எவ்வளவு உயரம் எகிறியது என்று யாருக்கும் தெரியாது. உச்சி 16 என்றால் டாக்டர் சொல்வது சரி. உச்சி 40 என்றால், ஆறு மணிக்கு அவர் ஏற்றப்போகும் டோஸ் சித்தியின் சிறுநீரகத்துக்கு விஷம்.

சுவர்க் கடிகாரம் நாலேகாலைத் தாண்டியிருந்தது. லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினேன்.

வார்டில் சித்தப்பாவுக்கு அன்று ரத்தம் எடுத்த நர்ஸ் கிளம்பப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண்.

“ஆறு எடுக்கச் சொன்னா நாலு எடுத்திருக்கியே, ஏம்மா?”

“நீங்கதானேக்கா நாலு போதும்னு சொன்னீங்க!”

“நானா?”

“உங்க சித்தப்பாதான் சொன்னாரே. ‘பாப்பாகிட்ட பேசிட்டேன், நரம்பு சின்னதா இருக்கு, நாலு போதும்னுட்டா, சரிசமமா பிரிச்சு எடுத்துக்கோ’ன்னாரு. நரம்பு கிடைக்கலன்னா மருந்தகத்தைக் கேட்டுக் குறைச்சுக்கலாம்னு விதி இருக்குல்ல? அதான் நான்...” என் முகத்தைப் பார்த்ததும் பை அவள் தோளிலிருந்து நழுவியது. “அவரு உங்கள கேக்கவே இல்லியாக்கா?”

“நீ கிளம்பாத. இங்கேயே இரு.”

சித்தப்பா கட்டிலில் சாய்ந்து, பக்கத்துக் கட்டில்காரரிடம் அவருடைய வீட்டு வாடகை அதிகம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். சித்தி நாற்காலியில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அறுவைக்குப் பிறகு அவள் குனிந்து நிமிரும்போது ஒரு கை தானாக இடுப்புக்குப் போகும்.

“வா பாப்பா. ரிசல்ட் வந்துச்சா? பாஸா?”

“காலையில ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் ரத்தம் எடுத்தாங்களா சித்தப்பா?”

“எடுத்திருப்பாங்க. அதையெல்லாம் யாரு கணக்கு வெச்சா?”

கணக்கு வைக்காத சித்தப்பாவை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அவர் கண் என்னை விட்டுச் சித்தி பக்கம் போய்த் திரும்பியது. வாசலுக்குள் பேரம் பேசினார் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய பயம். என்னுடைய பயம் வேறு. நேராகக் கேட்டால் விஷயம் வராது என்று எனக்குத் தெரியும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“சித்தப்பா, ஒரு தோல் வருது. கழுத்துகிட்ட கோல் வெக்கறீங்க. அடுத்தது நேரா இடுப்புல வெக்கறீங்க. நடுவுல வயிறு பரந்து கெடக்கு, அத அளக்கல. யாருக்கு லாபம்?”

“வாங்கறவனுக்கு” என்றார், நினைக்காமலே. அவர் சொத்துச் சேர்த்ததே அப்படித்தான். அளவுகோலை எங்கே வைப்பது என்று பேசிப் பேசியே விற்பவன் கையைச் சோர வைத்துவிடுவார்.

“இன்னைக்கு அளந்த தோல் யாரோடது?”

தொழில் தெரிந்தவருக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.

“வயித்த விட்டுட்டேனா?”

“விட்டுட்டீங்க.”

“எவ்வளவு போயிருக்கும்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் படியேறி ஓடி வர்றேன்? கொஞ்சமா போயிருந்தா பரவால்ல. நெறைய போயிருந்தா, இப்ப உங்களுக்கு மருந்து ஏற்கெனவே ஜாஸ்தி. அது தெரியாம ஆறு மணிக்கு இன்னும் ஏத்தப் போறாங்க.”

மடித்துக்கொண்டிருந்த துண்டு சித்தியின் மடியில் நின்றது.

“என்ன அளவு? என்ன விட்டுப் போச்சு?” என்றாள். அவளும் முப்பது வருஷம் வியாபாரி வீட்டில் இருந்தவள். “யாருகிட்ட பேசினீங்க?”

“பேரம் இல்லம்மா. ஒரு சின்ன அட்ஜஸ்ட்மெண்ட்.”

“எவ்வளவுக்கு?”

“ஆறுக்கு நாலு.”

சித்தி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டைக் கட்டில் மேல் வைத்தாள்.

“அது என்னோடது” என்றாள். “உங்க வயித்துக்குள்ள இருக்குங்கறதால உங்களோடது ஆயிடாது. என் பொருள வெச்சு நீங்க யாருகிட்டயும் பேசறதுக்கு இல்ல.”

“முதல் ஊசி போடறப்போ உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? எனக்கு வலிக்கல. உன்னப் பாக்க முடியல. நீ ஆறு தடவ அப்படி மூஞ்சிய வெச்சுக்கிட்டா நான் என்ன பண்றது? அதான் உன்ன கேண்டீனுக்கு அனுப்பிட்டு...”

“என் மூஞ்சிக்கு நீங்க விலை பேசினீங்களா?”

இதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது முழங்கை மடிப்பில் நாலு பஞ்சுப் பொட்டு. இடது கையில் ஒன்று.

“இது என்ன சித்தப்பா? இடது கையில?”

“அதுவா? அவன் ஒருத்தன் காலையில வண்டி தள்ளிக்கிட்டு வந்தான், எல்லாருக்கும் ரத்தம் எடுத்துக்கிட்டு. ஏதோ கிருமி இருக்கான்னு பாக்கவாம். அவன்கிட்டயும் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் வாப்பான்னு. காதுல எதையோ மாட்டிக்கிட்டுப் பாட்டு கேக்கறான். நான் பேசினது அவனுக்கு விழவே இல்ல. குத்திட்டுப் போயிட்டான்.”

“எத்தனை மணிக்கு?”

“இவ கேண்டீனுக்குப் போனதுக்கு அப்புறம். வர்றதுக்கு முன்னாடி.”

“நான் போனது ஏழு அடிக்கறப்போ” என்றாள் சித்தி. அவர் பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னாள். “எட்டுக்கெல்லாம் வந்துட்டேன்.”

“ட்யூப் மூடி என்ன கலர்?”

“ஊதா.”

நான் எழுந்துவிட்டேன். கிருமிக்காக ரத்த அணுக்களை எண்ணுகிற சோதனைக்கும் ஊதா மூடி ட்யூப்தான், எங்கள் மருந்தை அளப்பதற்கும் அதே ட்யூப்தான். எண்ணி முடித்த ட்யூப்பை ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். ஊர் உலகமே முக்காலுக்குப் படிந்தபோது, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தன் மட்டும் படியவில்லை. அந்தக் கொசுறுக் குத்து கீழே சோதனைச் சாலையில் எங்கேயோ ஒரு தாங்கியில் நின்றுகொண்டிருந்தது.

சோதனைச் சாலைப் பொறுப்பாளர் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

“மெஷின் ஃபுல். நாலே முக்காலுக்கு ஓட்டறேன். அடுத்தது எட்டு மணிக்கு. அதுல போடறேன்.”

“எட்டு மணிக்கு வர்ற ரிசல்ட்ட வெச்சு நான் என்ன பண்றது? ஆறு மணிக்கு டோஸ்.”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்கம்மா. நான் யாரைத் தூக்கறது?”

ஆஸ்பத்திரிக்குள் பேரம் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது சித்தப்பா. நான் கொடுக்கவில்லை.

“உள்ள இருக்கறதுல என்னோடது எத்தனை?”

“நாலு.”

“அதுல மூணாம் மாடி அம்மாவோடது நாளைக்குக் காலையில இருந்தா போதும். கேட்டவ நான்தான், நானே தள்ளி வெக்கறேன். அத எடுத்துட்டு இத வெய்யுங்க. உங்களுக்கு ஒண்ணு போய் ஒண்ணு. மெஷினுக்கு நஷ்டம் இல்ல.”

“கையெழுத்துப் போடுவியா?”

“ரெண்டா போடறேன்.”

அவர் குளிர்பெட்டியைத் திறந்தார். தாங்கி தாங்கியாகத் தேடினோம். மூன்றாவது தாங்கியின் ஓரத்தில் சித்தப்பாவின் பதிவு எண் ஒட்டிய ட்யூப் இருந்தது. அடியில் ஒரு விரல் நகம் அளவுக்கு ரத்தம்.

“இது பத்துமா?”

“ஒரு சொட்டு போதும். ஆனா ஒரு தடவைதான். தப்பா வந்தா திருப்பிப் பாக்க எதுவும் மிஞ்சாது” என்றார்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். டாக்டரைக் கூப்பிட்டேன். அறுவை அரங்கில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி கூப்பிட்டேன். இன்னும் வெளியே வரவில்லை. தாளை எடுத்து, தெரிந்த பட்டைகளை முதலில் போட்டு வைத்தேன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 37.5. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை 27. மூன்றிலிருந்து ஆறு வரை 22.5. மொத்தம் 87. முதல் பட்டை காலி. அந்த ஒரு காலி இடத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது.

ஐந்தேகால் தாண்டி நர்ஸ் கூப்பிட்டாள். கிசுகிசுத்தாள். “அக்கா, டாக்டர் வந்துட்டாரு. ஊசி மருந்தக் கலக்கச் சொல்றாரு.”

“கலக்கு. ஆனா ஏத்தாத.”

“நான் எப்படிக்கா சொல்றது?”

“நரம்பு கிடைக்கலன்னு சொல்லு. அதுக்குத்தான் விதி இருக்கே.”

மெஷின் மணியடித்தது. பொறுப்பாளர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“நாப்பத்தி நாலு.”

படியில் ஏறிக்கொண்டே போட்டேன். ஏழரை மணி என்று வைத்துக்கொண்டால், ஏறுகிற பக்கம் 7-உம் 44-உம், பாதி இருபத்தைந்தரை, ஒன்றரை மணி நேரத்துக்கு 38.25. இறங்குகிற பக்கம் 44-உம் 15-உம், பாதி இருபத்தொன்பதரை, ஒன்றரை மணி நேரத்துக்கு 44.25. கணினி 33 என்று போட்டிருந்த முதல் பட்டை நிஜத்தில் 82.5. எல்லாம் சேர்த்து 169.5. மருந்து குறைவு இல்லை. கூடுதல்.

டாக்டர் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயின் முனை இன்னும் நர்ஸின் கையில்தான் இருந்தது. அவள் சித்தப்பாவின் கையைத் தட்டித் தட்டி இல்லாத நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சித்தி சுவரோரம் நின்றாள்.

தாளை நீட்டினேன். நடந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னேன். டாக்டர் சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார். சித்தப்பா கூரையைப் பார்த்தார்.

“இந்த நாப்பத்தி நாலு ஏழரைக்கு எடுத்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல. ஏழுன்னு வெச்சா நூத்தி எழுபத்தொண்ணரை. எட்டுன்னு வெச்சா நூத்தி அறுபத்தேழரை. எங்க வெச்சாலும் அதுக்குக் கீழ வரல டாக்டர்.”

“உங்க சித்தப்பாங்கறதால நம்பிக்கையோட பாக்கறீங்க.”

“என் சித்தப்பாங்கறதாலதான் சந்தேகத்தோட பாத்தேன். வேற யாராவதா இருந்தா நாலு நம்பரை அப்படியே நம்பியிருப்பேன்.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து 44-இலிருந்து 15-க்கு நான் போட்டிருந்த நேர்கோட்டின் கீழே ஒரு வளைவு வரைந்தார். “இறங்கறப்போ நேரா இறங்காது. முதல்ல சடசடன்னு விழும், அப்புறம் மெல்ல இறங்கும். உங்க நேர்கோடு இங்க ஜாஸ்தி காட்டுது. கூட்டி எழுதியிருக்கீங்க.”

சரியான இடத்தில் பிடித்தார். வாங்குகிறவன் இப்படித்தான் கேட்க வேண்டும். நான் போனில் கணிப்பானைத் திறந்தேன். இறங்குகிற பட்டைகளுக்கு வளைவுக்கான சூத்திரம் வேறு, ஒவ்வொன்றாகத் தட்டினேன். விரல் இரண்டு முறை தவறியது. நர்ஸ் நரம்பு தேடுவதை நிறுத்திவிட்டாள்.

“நூத்தி அறுபத்தஞ்சு” என்றேன். “எவ்வளவு கறாரா போட்டாலும் நூத்தி அறுபதுக்கு மேலதான்.”

டாக்டர் போனை வாங்கி அவரே ஒரு தரம் தட்டிப் பார்த்தார். கடிகாரத்தில் ஆறுக்குப் பத்து நிமிஷம்.

“இது தப்பா இருந்து, நிஜமாவே உடம்பு ஏத்துக்காம இருந்தா, நான் இன்னைக்கு ஊசி போடாம விடறது எவ்வளவு பெரிய விஷயம் தெரியும்ல?”

“தெரியும். நாளைக்குக் காலையில கிரியாட்டினின் சொல்லிடும். ஒரு ராத்திரி தாமதமானா ஊசியை நாளைக்குப் போடலாம். இன்னைக்கு ஏத்திட்டா இறக்க முடியாது.”

அவர் சித்தியைப் பார்த்தார். ஏன் அவளைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை பொருளுக்குச் சொந்தக்காரி யார் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

“அளக்காம எதுவும் பண்ண வேண்டாம் டாக்டர்” என்றாள் சித்தி.

டாக்டர் பாட்டிலைக் கழற்றச் சொன்னார். ஆறு மணி டோஸைக் கால் பங்கு குறைத்து எழுதினார். சித்தப்பா பழைய அளவில் முக்கால் மருந்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் காலை கிரியாட்டினின் இறங்கவில்லை. ஏறவும் இல்லை. அந்த நாள் முழுக்க நான் எந்தத் திரையையும் நிம்மதியாகப் பார்க்கவில்லை. டாக்டர் இரண்டு தடவை போன் செய்தார், இரண்டு தடவையும் “பாப்போம்” என்று மட்டும் சொன்னார். சித்தி வார்டில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேளைக்குச் சாப்பாடு கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. சித்தப்பா பக்கத்துக் கட்டில்காரரின் வாடகையைக்கூடக் குறைக்கவில்லை. அதற்கடுத்த காலை கழிவு இறங்கத் தொடங்கியது. ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

புதிய அளவு சரியா என்று பார்க்க மறுபடி ஒரு நாள் சோதனை வைத்தார்கள். அதே வார்டு, அதே நர்ஸ். இந்தத் தடவை சித்தி கேண்டீனுக்குப் போகவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே போட்டு, ஒவ்வொரு ஊசிக்கும் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்தாள். முகம் மாறத்தான் செய்தது. சித்தப்பா அதைப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. ஆறு, ஏழு, எட்டு, பத்து, பன்னிரண்டு, மூன்று. வாய் திறக்காமல் கையை நீட்டினார். நான் பட்டைகளைக் கூட்டினேன்: 143.5. நடுவாக வந்து உட்கார்ந்திருந்தது.

மேலே போய்ச் சொன்னபோது சித்தப்பா கண்ணை மூடித் தலையைத் தலையணையில் போட்டார். சித்தி மட்டும் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு ஆறு ஆச்சு” என்றாள், அன்றைக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சாக. “போன தடவ நீங்க குறைச்சது ரெண்டு.”

“அதுக்கு என்ன இப்போ?”

“கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதுதானே?”

நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சித்தப்பா சித்தியைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. என்ன வரப்போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடக்கிக்கொண்டார். அடக்கியது அவருக்கு அறுவையைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். சட்டைக் கையை மேலே சுருட்டி, கையைச் சித்தியின் பக்கம் நீட்டினார்.

சித்தி அந்தக் கையைப் பிடித்து, பஞ்சுப் பொட்டுகளைத் தடவிப் பார்த்து, கணக்கை முடித்தாள்.

“குறைச்சது ரெண்டு. பாட்டுக்காரன் குத்தினதுல ஒண்ணு கழிஞ்சிடுச்சு. பாக்கி ஒண்ணு. அது அப்படியே நிக்கட்டும்.”